இறக்கத்தில் ஒரு கை

அத்தியாயம் 14

ஏணியிலிருந்து விழுந்தவன் எழுந்து நடக்க ஆறு வாரம் ஆகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "நாலு வாரத்துக்கு முடிச்சுக் குடுங்க டாக்டர்" என்று கடை முதலாளியான அவன் அப்பா பேரம் பேசிப் பார்த்தார். மருத்துவர் மசியவில்லை.

கண்ணாடிக் கடையின் மூத்த மகன் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்ததைப் போன வாரம் பார்த்தோம். கடையின் பிக்அப் வண்டிச் சாவி யார் கைக்குப் போவது என்று வீட்டில் நடந்த பஞ்சாயத்தையும் பார்த்தோம். லைசென்ஸ் வைத்திருக்கும் இன்னொரு ஆள் மூத்த மருமகள்தான். பிறந்த வீட்டில் நாலு வருடம் பால் வேன் ஓட்டியவள். ஆனால் அது தட்டையான பிரதேசம். அங்கே மேடு என்றால் வேகத்தடைதான்.

இன்றைக்கு அவள் ஒரு மலையின் உச்சியில் நின்றுகொண்டிருந்தாள்.

காலையில் ஏறியது ஒன்றும் பெரிய காரியமாகத் தெரியவில்லை. வண்டி முக்கியது, முனகியது, ஏறிவிட்டது. மலைமேல் இருந்த ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஆறு ஆளுயர நிலைக்கண்ணாடிகள். இறக்கி, சுவரில் சாய்த்து, அளந்து பார்த்தால் ஆறும் இரண்டு விரற்கடை உயரம் அதிகம். மாமனார் போனிலேயே அளவு வாங்கியிருந்தார். நேரில் போய் அளந்தால் வண்டிக்கு ஒரு நடை வீண் என்பது அவர் கணக்கு. இப்போது அந்த ஒரு நடை இரண்டு நடையாகிவிட்டது.

"கூரையைக் கொஞ்சம் தூக்கிக்க முடியாதா?" என்று ஓட்டல் மேலாளரிடம் அவர் கேட்டதை விளையாட்டுக்குக் கேட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கடைத்தெருவே அவரைக் 'கடைசி விலை' என்றுதான் கூப்பிடும். எதிராளி வாயைத் திறக்கும் முன்பே "சரி, கடைசி விலை என்ன?" என்று கேட்கிற ஆள்.

மேலாளர் அசையவில்லை. ஆறு கண்ணாடியும் மறுபடி வண்டி ஏறின, கீழே போய் வெட்டிக்கொண்டு வர.

கண்ணாடிகள் படுத்து வராது, நின்றுதான் வரும். வண்டியின் பின்தட்டில் கூடாரம் போல் இரண்டு பக்கமும் சாய்ந்த மரச் சட்டம். பக்கத்துக்கு மூன்று கண்ணாடி, குறுக்கே கயிறு. அதோடு, குடும்பத்து ஆள் ஒருவர் பின்தட்டில் நின்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கூலிக்கு வந்தவன் வண்டி குலுங்கினால் தன்னைப் பிடித்துக்கொள்வான், வீட்டு ஆள்தான் கண்ணாடியைப் பிடிப்பான் என்பது அந்தக் கடையில் முப்பது வருடச் சட்டம்.

இன்றைய வீட்டு ஆள், மாமனாரின் ஒரே மகள். வயது முப்பது. வீட்டில் இன்னும் பாப்பா.

"பாப்பா, நீ முன்னாடி வந்துரு. கயிறு ரெட்டையாக் கட்டியிருக்கேன்" என்றாள் மருமகள்.

"கயிறு கட்டும், கைதான் காக்கும்" என்று பாப்பாவுக்குப் பதிலாக மாமனார் சொன்னார்.

பாப்பா பின்தட்டில் ஏறிக்கொண்டாள். "விடுங்க அண்ணி. நீங்க ஓட்டறதைப் பக்கத்துல உக்காந்து பாக்கறதுக்கு இங்கயே தேவலை. இங்க கண்ணாடி மட்டுந்தான் பயமுறுத்தும்."

சாவிக்காக இருவரும் போட்ட போன வாரச் சண்டையின் சூடு இன்னும் ஆறவில்லை. மருமகள் பின்கதவைத் தூக்கிச் சாத்தி, இரண்டு கொக்கியும் விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தாள்.

பின்தட்டில் இருப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் ஒரு பாஷை உண்டு. ஓட்டுநர் தலைக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஜன்னலில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போ. இரண்டு தட்டினால் நிறுத்து.

மாமனார் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அவள் சாவியைத் திருப்பினாள்.

இந்த வண்டியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு புத்தகத்தில் படித்தது. வண்டியோடு கொடுத்த கையேடு. மாமனார் அதைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். விற்கும்போது புத்தகமும் புதிதாக இருக்க வேண்டுமாம். ஆறு வருடமாக அந்த வீட்டில் வண்டி ஓடியது; ஒருவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. முந்தாநாள் மத்தியானம் பெட்டியைத் துடைக்கிற சாக்கில் அவள் எடுத்துப் படித்தாள். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. இறக்கத்தில் நியூட்ரல் கூடாது என்று அதைவிடத் தடித்த எழுத்தில் இருந்தது.

இரண்டாவது கியரில் முதல் வளைவைக் கடந்தாள். எஞ்சின் உறுமி வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தது. மாமனார் அந்த உறுமலைக் கேட்டுப் பல்வலிக்காரர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, தானா ஓடற வண்டிக்கு எதுக்குக் கியரு?"

"கியர்ல இருந்தாத்தான் மாமா வண்டி கட்டுக்குள்ள இருக்கும். ஆக்சிலேட்டர்ல கால் வைக்கலைன்னா டீசலும் போகாது. புக்குல போட்டிருக்கு."

"சத்தம் வருதில்ல? சத்தம் சும்மா வருமா? புக்கு எழுதறவனா டீசல் போடறான்?"

இரண்டாவது வளைவு. கம்பித் தடுப்புக்கு அப்பால் ஒன்றுமில்லை, வெறும் வெளி. அடியில் எங்கேயோ மரங்களின் உச்சிகள் கீரைப்பாத்தி மாதிரி தெரிந்தன. அவளுடைய உள்ளங்கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. ஒவ்வொரு கையாகப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

வளைவு முடிந்து சாலை நேரானதும் மாமனார் கையை நீட்டினார். முப்பது வருடப் பழக்கம். யார் ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்கிற வேலை. கியர்த் தண்டைப் பிடித்து, சோற்றுப் பானையிலிருந்து கரண்டியை எடுப்பது போல, நோகாமல் நியூட்ரலுக்கு இழுத்துவிட்டார்.

உறுமல் நின்றது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"பாத்தியா, எவ்வளவு அமைதி" என்றார்.

அப்போதே அவள் கியரைப் போட்டிருக்கலாம். அந்த வீட்டுக்கு வந்த ஏழு வருடத்தில் அந்தக் கை தொட்ட எதையும் யாரும் மாற்றிப் பார்த்ததில்லை. அவளுக்கு மலையைக் கண்டும் பயம், மாமனாரைக் கண்டும் பயம். பெரிய பயத்தைக் காக்க வைத்துவிட்டுச் சின்னப் பயத்துக்கு மரியாதை செய்தாள். பிரேக்கில் மட்டும் காலை வைத்து, அழுத்தி, விட்டு, அழுத்தி இறக்கினாள்.

மூன்று, நான்கு, ஐந்து. வளைவுகள் வந்துகொண்டே இருந்தன. ஜன்னலில் ஒரு தட்டு விழுந்தது. மெதுவாகப் போ.

அவள் அழுத்தினாள். வேகம் குறைந்தது, ஆனால் யோசித்துவிட்டுக் குறைந்த மாதிரி இருந்தது.

ஆறாவது வளைவுக்கு முன்னால் அந்த வாடை வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்துவிட்டுப் போனால் வருகிற வாடை.

"எவனோ குப்பை கொளுத்தறான்" என்றார் மாமனார்.

மலைச்சரிவில் ஒருவனும் இல்லை.

ஜன்னலில் இரண்டு தட்டு. நிறுத்து.

அவள் காலை முழுசாக ஊன்றினாள். மிதி எதிர்க்கவே இல்லை. நனைந்த பஞ்சை மிதிப்பது போல அமுங்கி, அமுங்கி, கால் தரையைத் தொட்டது. வேகமானி நாற்பதில் இருந்தது. அவள் பார்க்கும்போதே நாற்பத்தைந்து.

"மாமா, பிரேக் பிடிக்கல."

"என்னது?"

"பிரேக் பிடிக்கல."

கடைத்தெருவில் எந்த விலைக்கும் பதில் வைத்திருந்த மனிதர் முன்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜன்னலில் இப்போது தட்டுக்கு எண்ணிக்கை இல்லை. பாப்பா உள்ளங்கையால் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தாள்.

மலைப் பக்கமாக ஒடித்துப் பாறையில் மோதினால் வண்டி நிற்கும். முன்னால் இருக்கும் இரண்டு பேருக்குப் பெல்ட் இருக்கிறது. பின்னால் இருப்பவளுக்கு ஆறு கண்ணாடி இருக்கிறது. மோதிய கணத்தில் ஆறும் அவள்மேல் சரியும். நிறுத்தவும் வேண்டும், அதிராமலும் நிறுத்த வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தாள். பின்தட்டுக் கண்ணாடி அதில் தெரிந்தது; அந்தக் கண்ணாடிக்குள் பள்ளத்தாக்கு முழுவதும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தைப் பற்றியிருந்த நாலு விரல்களும் தெரிந்தன.

அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"எஞ்சினை நிறுத்து, வண்டி நின்னுரும்" என்று மாமனார் சாவியை நோக்கிப் பாய்ந்தார்.

அவள் அவர் மணிக்கட்டில் அடித்தாள். தள்ளவில்லை, விலக்கவில்லை, பளாரென்று அடித்தாள். "சாவியைத் தொடாதீங்க. எஞ்சின் போச்சுன்னா ஸ்டியரிங் திரும்பாது."

அவர் கையை இழுத்துக்கொண்டார். இருவரில் யார் அதிகம் அதிர்ந்தது என்று சொல்ல முடியாது.

ஐம்பத்தெட்டு. அவள் சிவப்பு முக்கோணப் பொத்தானைக் குத்தினாள். நாலு விளக்கும் மினுக்கத் தொடங்கின. ஹாரனில் ஒரு கையை வைத்து எடுக்காமல் அழுத்தியபடி ஏழாவது வளைவில் திரும்பினாள். டயர்கள் கீச்சிட்டன. பின்னால் கயிறு முறுக்கிக்கொள்ளும் சத்தம்.

கிளட்சை மிதித்து மூன்றாவது கியரைத் தேடினாள். தண்டு உள்ளே போக மறுத்தது. பல்சக்கரம் கடகடவென்று அரைத்துத் தள்ளிவிட்டது. எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது. ஒன்றை மற்றதோடு சேர்க்க வேண்டும். பால் வேன் நாட்களில் கால் தெரிந்து வைத்திருந்த வித்தை. அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

"இறக்கத்துல ஆக்சிலேட்டரா? ஏம்மா, ஏம்மா" என்று மாமனார் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு புலம்பினார்.

எஞ்சின் அலறியபோது தண்டைத் தள்ளினாள். போய் விழுந்தது. கிளட்சை நூல் நூலாக விட்டாள். யாரோ வாலைப் பிடித்து இழுத்தது போல வண்டி சுணங்கியது.

பின்னால் ஒரு சத்தம். கண்ணாடி விரிசல் விடும் சத்தம் கண்ணாடிக் கடை வீட்டில் எல்லோருக்கும் தூக்கத்திலும் தெரியும்.

ஜன்னலில் தட்டு நின்றுபோனது.

"பாப்பா" என்றார் மாமனார். திரும்பிப் பார்க்க முயன்றார், பெல்ட் விடவில்லை. "பாப்பா, தட்டும்மா. ஒரு தட்டு தட்டு."

தட்டு வரவில்லை.

நாற்பத்தைந்து. இரண்டாவது கியர். மறுபடி அலறல், மறுபடி சுணக்கம். முப்பது. இனி கைப்பிரேக். முழுசாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் பள்ளத்துப் பக்கம் வீசும். அந்த வாலில்தான் பாப்பா இருக்கிறாள். நுனிப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் இழுத்தாள், தளர்த்தினாள், இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி.

அப்போது வளைவுக்குக் கீழே ஒரு பேருந்தின் முகம் தெரிந்தது. சாலையை அடைத்துக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தது.

மினுக்கும் விளக்கையும் ஹாரனையும் கவனித்த அதன் ஓட்டுநர் ஒதுங்கி நின்றுவிட்டார். அவள் மலைப் பக்கமாகப் போனாள். அங்கே சாலை வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல். முதல் கியரைத் திணித்தாள். முன்சக்கரம் ஜல்லியில் ஏறி, நறநறவென்று புதைந்து, ஒரு ஆள் மடியில் உட்காருகிற மெதுவில் வண்டி நின்றது.

கைப்பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்தாள். எஞ்சினை அணைத்தாள். சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

இறங்கிப் பின்னால் போக வேண்டும். பத்தடி தூரம். அந்தப் பத்தடியையும் வண்டியின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

பாப்பா நின்றுகொண்டிருந்தாள். முதுகு சின்ன ஜன்னலோடு ஒட்டியிருந்தது. ஒரு கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டு அவள் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து நிறுத்தியிருந்தாள். தட்டு நின்றது அதனால்தான். தட்ட அவளுக்குக் கை இல்லை.

"அண்ணி" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. "நீங்களே விரலைப் பிரிச்சு விடுங்க. அது என் பேச்சைக் கேக்கமாட்டேங்குது."

மருமகள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். பேருந்தின் ஓட்டுநரும் நடத்துநரும் ஓடி வந்து கண்ணாடியைத் தாங்கிக்கொண்டார்கள். முன்கையில் ஒரு நீளக் கீறல் தவிர வேறு காயமில்லை. பாப்பா தரையில் இறங்கியதும் ஜல்லிமேல் உட்கார்ந்துவிட்டாள். மருமகள் முந்தானையைக் கீறலில் வைத்து அழுத்திக்கொண்டு அவளருகிலேயே உட்கார்ந்தாள். போன வாரம் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று இருவருக்கும் நினைவில்லை.

நாலு சக்கரத்திலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. மாமனார் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு போனார்.

"ஊத்தாதீங்க மாமா. சூட்டுல தண்ணி பட்டா இரும்பு வெடிச்சிரும்."

அவர் பாட்டிலை மூடினார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி திறந்து, ஒரு வாய் குடித்தார்.

"ஒரு மணி நேரம் தொடாதீங்க" என்றார் பேருந்து ஓட்டுநர். "அப்புறம் மிதிச்சுப் பாருங்க. மிதி மேல வந்து கெட்டியா நின்னா, பாரத்தை இங்கயே இறக்கிட்டு முதல் கியர்ல போங்க. நிக்கலைன்னா வண்டியைத் தொடாதீங்க, நான் திரும்பி வரப்ப ஏத்திக்கறேன். இன்னும் எட்டு வளைவு இருக்கு. அதெல்லாம் இதைவிடச் செங்குத்து."

எல்லோருமாகச் சேர்ந்து கண்ணாடிகளை இறக்கிப் பாறையில் சாய்த்தார்கள். "நல்லதா ரெண்டை மட்டும் வண்டியில வச்சுக்கலாமே" என்றார் மாமனார், பழக்க தோஷத்தில். அந்த இரண்டும் பாறையிலேயே நின்றன. அவர் மறுபடி கேட்கவில்லை.

பேருந்து போய்விட்டது. புகை குறைந்தது. பாறையில் சாய்ந்த கண்ணாடிகளில் மூன்று பேரும் ஐந்து முறை தெரிந்தார்கள். ஆறாவதில் துண்டு துண்டாகத் தெரிந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழிந்தது. மருமகள் போய் மிதித்துப் பார்த்தாள். மிதி மேலே வந்திருந்தது, கெட்டியாக இருந்தது. இறங்கி வந்தபோது மாமனார் எழுந்து நின்று கையை நீட்டினார்.

"சாவியைக் குடும்மா. மீதியை நான் ஓட்டறேன். நீ பயந்து போயிருக்கே."

அவருடைய லைசென்ஸ் காலாவதியாகி ஒன்பது வருடம். மருமகள் சாவியை மூடிய விரல்களைத் திறக்கவில்லை.

"கையை எடுங்கப்பா" என்றாள் பாப்பா.

"நீ சும்மா இரு."

"ஒரு தடவை சும்மா இருந்தாச்சு. இது ரெண்டாவது."

மாமனார் திரும்பினார்.

"போன மழைக்கு முன்னாடி அண்ணனும் நானும் இதே மலையில இறங்கினோம். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி, நியூட்ரல்ல. மேல, மூணாவது வளைவு. இதே வாடை. பாறையில உரசிக்கிட்டே போய்த்தான் நின்னுச்சு."

"ஆடு குறுக்க வந்துச்சுன்னு சொன்னானே."

"ஆடுன்னு சொன்னா ஒரு நாள் திட்டு. நியூட்ரல்னு சொன்னா ஆயுசுக்கும் திட்டு. ஆடே பரவாயில்லைன்னான்."

நீட்டிய கை கீழே போனது. அவர் வாழ்க்கையில் கேட்ட விலைகளிலேயே இதற்குத்தான் எதிர்விலை சொல்லத் தெரியவில்லை.

மருமகள் பாப்பாவைப் பார்த்தாள். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"அண்ணன் சொல்றேன்னான். காலையில சாவி குடுக்கறப்ப கண்டிப்பாச் சொல்லிடறேன்னான்." பாப்பா நிமிர்ந்தாள். "சொல்லலையா?"

காலையில் அவன் பாத்துப் போ என்றான். அவ்வளவுதான்.

மலைமேலிருந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் அரைமணி போனால் சாலையே தெரியாது. மூவரும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். பாப்பா நடுவில். மாமனார் கதவோரம். யாரும் சொல்லாமலே பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

மருமகள் சத்தமில்லாமல் வைத்திருந்த போனை எடுத்துப் பார்த்தாள். உச்சியில் புறப்படும்போது புருஷனுக்குக் கிளம்பிட்டோம் என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அதற்குப் பதில் இல்லை. ஆனால் பதினொரு அழைப்புகள் வந்து போயிருந்தன. முதல் அழைப்பு, செய்தி போன நாலாவது நிமிடத்தில்.

உச்சியிலிருந்து மூன்றாவது வளைவுக்கு, அவன் பாறையில் உரசி நின்ற அந்த இடத்துக்கு, நாலு நிமிடம்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் மறுபடி ஒளிர்ந்தது. அவன்தான். பாப்பா அதைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள்.

மருமகள் போனை முன்பலகைத் தகரத்தில் கவிழ்த்து வைத்தாள். முதல் கியரைப் போட்டாள். எஞ்சின் உறுமியது; மாமனார் முகம் சுளிக்கவில்லை. மீதி எட்டில் முதல் வளைவு பனிக்குள் இருந்து மெதுவாக வெளியே வந்தது.

கவிழ்ந்து கிடந்த போன் தகரத்தில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதிரட்டும் என்று விட்டாள். தெரிந்திருந்தும் காலையில் ஏன் சொல்லவில்லை என்று அவனிடம் கேட்க வேண்டியிருந்தது. அதற்கு அவன் சொல்லப்போகும் பதிலை வண்டி ஓட்டிக்கொண்டே கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.